ஜனவரிச் சிறுநீர்

ஆர்டிஸ் ட்வைட்டுக்கு மூன்று வருடமாக ஒரு வியாதி இருந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்காததுதான் வியாதியைவிடப் பெரிய தொல்லை. பெயருள்ள வியாதி என்றால் ஊர் இரங்கும். சர்ச் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் ஹாட்டிஷ் என்கிற கறியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பண்டத்தைச் சுட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். பெயர் இல்லாத வியாதிக்கு யார் அடுப்பைப் பற்றவைப்பார்கள்?

முதலில் முகம் சிவக்கும். பிறகு கழுத்திலிருந்து தடிப்புகள் கீழே இறங்கும், வயிற்றைப் பிரட்டும், கண் இருட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே சரிவாள். ஒருமுறை சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருக்கும்போதே விழுந்தாள். ஒருமுறை பள்ளிக்கூடச் சமையலறையில், கொதிக்கிற சூப்புக்கு ஒரு முழம் தள்ளி. ஆம்புலன்ஸ் வந்து நாற்பது மைல் தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் சிவப்பு வடிந்துவிடும், அங்கே எடுக்கிற ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. ஆர்டிஸ் எழுந்து உட்கார்ந்து நர்ஸிலிருந்து டிரைவர் வரை எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பாள்.

"அண்ணிக்குப் பாத்திரம் கழுவற நேரமாப் பார்த்துத்தான் மயக்கம் வரும், கவனிச்சிருக்கியா?" என்பான் டுவைன். ஆர்டிஸின் புருஷன் ஆர்லினின் தம்பி. ஊரே சிரிக்கும். ஆர்லினும் சிரிப்பான். மினசோட்டாவின் வடக்கே, அந்த ஏரிக்கரை ஊரில், தம்பி சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்காவிட்டால் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். சண்டை என்று பெயர் வாங்குவதைவிட முட்டிக்கால் உறையும் குளிரில் நிற்பது மேல் என்று நினைக்கிற ஜனங்கள் அவர்கள். கார் வந்து இடித்தாலும் இடித்தவனிடம் மன்னிப்புக் கேட்பார்கள். அதைப் பண்பு என்று வேறு சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வருடம் கிளினிக்குக்குப் புதிதாக வந்த டாக்டர் ஹாக்லண்ட் மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வயதுகூட ஆகாதவர். ஆர்டிஸ் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதுவே அவளுக்குப் புதுசு.

"நம்ம உடம்புல மாஸ்ட் செல்னு ஒண்ணு இருக்குங்க. காவல் காக்கற வேலை அதுக்கு. சில பேருக்கு அது ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் வெடிச்சு உள்ள இருக்கறதை மொத்தமாக் கொட்டிடும். அப்பத்தான் நீங்க விழறீங்கன்னு என் சந்தேகம்."

"ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே, டாக்டர்."

"ரத்தம் கொஞ்ச நேரத்துல மறந்துடும். சிறுநீர் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. அடுத்த தடவை வந்தா, வந்த நிமிஷத்துலேர்ந்து இருபத்திநாலு மணி நேரம், ஒரு சொட்டு விடாம பிடிச்சுக் கொண்டாங்க. அதுல தெரிஞ்சுதுன்னா நகரத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன், அங்க இதுக்கு வைத்தியம் இருக்கு." சோதனைச் சீட்டை எழுதி நீட்டினார். "தெரியலைன்னா, மனசு சம்பந்தப்பட்டதுன்னுதான் நானும் சொல்லியாகணும்."

சோதனைக்கூடத்து பெவ் இரண்டு ஆரஞ்சு நிறக் கேன்களைக் கொடுத்தாள். "ஒண்ணே போதும். ஆனாலும் ரெண்டா வச்சுக்கோ. எப்பவும் குளிர்ச்சியா இருக்கணும், அது முக்கியம். பேரு, ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம், மூணையும் எழுது." கூடவே ஓர் ஊசிப் பேனாவும் தந்தார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் துணிக்கு மேலேயே தொடையில் குத்திக்கொள்ள வேண்டியது.

கேன்கள் மூன்று மாதம் காத்திருந்தன. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, சுழியத்துக்குக் கீழே முப்பது டிகிரியில், தபால் எடுக்கப் போன ஆர்டிஸ் திரும்பி வந்து கதவைத் திறந்த வேகத்தில் தரையில் மண்டியிட்டாள். முகம் பீட்ரூட்டாகியிருந்தது. ஆர்லின் ஓடிப் போய்த் தாங்கினான்.

"மணி என்ன?" என்றாள். முதல் வார்த்தை அதுதான்.

"பத்து அஞ்சு. பேசாத. ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்."

"வேண்டாம். இது பெருசு இல்ல. பத்து அஞ்சுன்னு எழுதிக்கோ, ஆர்லின். எழுதிக்கோ!"

அரை மணியில் கொஞ்சம் தெளிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஆர்லின் பல வருடமாகப் பார்த்ததில்லை. வலை வீசி மூன்று வருடம் கழித்துப் பெரிய மீன் சிக்கினவள் போல இருந்தாள். ஞாயிறு காலை பத்து ஐந்துக்குக் கடைசியாகப் பிடித்து, மூடியை இறுக்கி, பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள். பாலுக்கும் முட்டைக்கும் பக்கத்தில் வைக்க மனமில்லாமல் கராஜில் இருந்த இன்னொரு ஃப்ரிட்ஜில் வைத்தாள். கிளினிக் திங்கட்கிழமைதான் திறக்கும். அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, அதனால் ஆர்லின் கொண்டுபோய்க் கொடுப்பதாகப் பேச்சு.

வினை கராஜ் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. அது பெயருக்குத்தான் ஃப்ரிட்ஜ், உண்மையில் ஊர் ஆண்களின் பீர் அலமாரி. ஞாயிறு மதியம் ஃபுட்பால் பார்க்க டுவைனும், ஆர்லினோடு மாவட்ட நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிற நாலைந்து பேரும் வருவார்கள். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். நேரே கராஜுக்குப் போய்த் தானே எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

பதினொன்றரைக்கு ஆர்லின் பீரை அடுக்கப் போனான். நடுத்தட்டில் ஆரஞ்சுக் கேன். அதன் மேல் முழ நீளத்துக்கு ஆர்டிஸ் ட்வைட். டுவைன் இதைப் பார்த்தால் என்ன சொல்வான் என்று அவன் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிரிப்பு காதில் கேட்டுவிட்டது. வருடம் முழுக்க, லாரி ஷெட்டில், கடையில், சர்ச் படியில், எல்லா இடத்திலும் கேட்கும்.

கேனை எடுத்துக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். ஏரியின் பனிக்கட்டி மேல் வைத்து மீன் பிடிக்க, ஆள் உள்ளே உட்காரும்படி அடித்த அவனுடைய மரக் கூண்டு அங்கே நின்றது. சறுக்குக் கட்டை உடைந்திருந்ததால் அந்த வருடம் அதை ஏரிக்கு இழுத்துப் போகவில்லை. அதற்குள் பெஞ்சுக்கு அடியில் வைத்தான். குளிர்ச்சியாகத்தானே இருக்க வேண்டும், இங்கே குளிருக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டான். மேட்ச் முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம்.

மேட்ச் முடிந்தது. அவர்கள் அணி தோற்றது. துக்கத்தில் இன்னும் இரண்டு பீர். நல்ல பனி விழுந்துகொண்டிருந்ததால் விடியலில் லாரி எடுக்கக் கூப்பிடுவார்கள் என்று சீக்கிரமே படுத்துவிட்டான். கேன் நினைவே இல்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு, பனி தள்ளிவிட்டு வீடு திரும்பினபோது சமையலறை மேசையில் ஆர்டிஸ் எழுதி வைத்த சீட்டு இருந்தது. "நாலு மணிக்குள் கொடுத்துவிடு. மறக்காதே. நன்றி." புருஷனுக்கு எழுதுகிற சீட்டில் நன்றி போடுகிற ஊர். ஆர்லின் அந்த நன்றியைப் பார்த்ததும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினான்.

கேன் அடியிலிருந்து மூடிவரை பிளந்திருந்தது. உள்ளே மஞ்சளாக ஒரே பாறை.

உறைந்தபடியே கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள் என்று அவன் முடிவு செய்துவிட்டான். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே வைத்தாய், ஏன் வைத்தாய் என்று திருப்பிக் கேட்பார்களே. உருக்கி அடுத்த கேனில் ஊற்றிவிடலாம் என்று கூண்டில் இருந்த கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, கேனை அதன் பக்கத்தில் நிறுத்தினான். அடியில் ஒரு பாத்திரம் வைக்கத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு விதவை தன் கார் பனியில் சிக்கிவிட்டது என்று வந்து நின்றாள். ஐந்து நிமிடம்தான் என்று போனான். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது கேன் காலி. தூண்டில் இறக்குவதற்காகக் கூண்டின் தரையில் வட்டமாக ஓட்டை போட்டிருப்பார்கள். அதன் வழியாக எல்லாம் இறங்கி, கீழே பனியில் மஞ்சளாக ஒரு குழி பறித்திருந்தது.

 அவளுடைய மூன்று வருடம் அந்தக் குழிக்குள் இருந்தது.

சொல்லியிருக்கலாம். ஆர்டி, நான் தப்புப் பண்ணிட்டேன் என்று நாலு வார்த்தை. ஆனால் அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. உன் பெயரைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது என்பது. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நேற்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அணைக்கவும் மனம் வரவில்லை. அந்த ஆள் செய்த காரியத்தை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. இரண்டாவது கேனை எடுத்தான். பாத்திரம் நிறையக் காப்பி போட்டுக் குடித்தான். தண்ணீர் குடித்தான். மதியம் மூன்று மணிக்குள் அந்தக் கேனைப் பாதிக்கு மேல் தன்னுடையதாலேயே நிரப்பினான். மேலே அவள் பெயரை எழுதினான், அவள் எழுத்து மாதிரியே வருகிறதா என்று பார்த்து. சனி காலை பத்து ஐந்து. ஞாயிறு காலை பத்து ஐந்து. கொஞ்ச நேரம் பனியில் புதைத்து வைத்தான், உறைந்துவிடாமல் பக்கத்திலேயே நின்று. பிளந்த கேனைக் குப்பை எரிக்கிற பீப்பாயில் போட்டுக் கொளுத்தினான்.

"குளிர்ச்சியாவே வச்சிருந்தீங்களா?" என்றாள் பெவ்.

"குளிர்ச்சியாத்தான்."

"ஒரு சொட்டும் விடலையே?"

"இல்ல."

பெவ் கேனை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். ஆர்டிஸ் சர்ச்சுக்குப் போடுகிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஆர்லினோடு போனாள். டாக்டர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"எல்லாமே சாதாரணமா இருக்குங்க. ஒண்ணுகூட ஏறலை. அட்டாக் வந்த அன்னிக்குப் பிடிச்சும் இப்படின்னா..." அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நான் நினைச்சது தப்பு."

"அது அன்னிக்கு வந்துச்சு, டாக்டர். தடிப்பெல்லாம் இவர் பார்த்தாரு. சொல்லு ஆர்லின்."

"பார்த்தேன்" என்றான் ஆர்லின்.

"பதட்டத்துலயும் தோல் தடிக்கும். நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லவே இல்ல. உங்க மனசு உடம்பை அப்படிப் பண்ணுது. அதுக்கும் மாத்திரை இருக்கு. மூச்சை எண்ணறதுக்கு ஒரு வகுப்பும் இருக்கு."

ஆர்டிஸ் காகிதத்தை எடுத்து அதில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு மடித்துக் கைப்பையில் வைத்தாள். "உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றாள்.  வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது, "அப்போ நான்தான் பண்றேனா?" என்றாள். ஆர்லின் பதில் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட பதில்களில் அதுதான் மோசமானது.

அவள் மாத்திரை சாப்பிட்டாள். வாரம் இருமுறை வகுப்புக்குப் போய், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடப் பழகினாள். மார்ச்சில் ஊசிப் பேனாவின் தேதி முடிந்தது. தேவையில்லாததை எதற்கு வாங்குவது என்று குப்பையில் போட்டாள். இதையெல்லாமாவது ஆர்லின் பொறுத்துக்கொண்டான். ஏப்ரலில் ஒருநாள் இருவரும் டுவைன் வீட்டுக்குப் போனபோது நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் டுவைனின் மனைவி ஜோலீன் எதிரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அன்னிக்குச் சர்ச் விருந்துல விழுந்து எல்லார் சாப்பாட்டையும் கெடுத்தேனே. நான் வேணும்னு பண்ணலை ஜோலீன். ஆனா நான்தான் பண்ணேன். அதைச் சொல்லணும்னு எங்க வகுப்புல சொன்னாங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல அக்கா" என்றாள் ஜோலீன்.

"பார்த்தீங்களா, நான் சொன்னப்போ யாரும் நம்பலை" என்றான் டுவைன், நல்ல மனசோடுதான். ஆர்டிஸும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் ஏரியில் பனி உடைந்து கரையில் சரசரவென்று ஒதுங்கிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆர்லின் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பீர், கூண்டு, பிளந்த கேன், கேஸ் அடுப்பு, ஓட்டை, காப்பி. டுவைனுக்குப் பயந்ததையும் சொன்னான். ஐம்பத்தெட்டு வயதில் அவ்வளவு நீளமாக அவன் பேசினதே இல்லை.

ஆர்டிஸ் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். பிறகு அவன் முழங்கை மேல் கை வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ ரொம்ப நல்லவன், ஆர்லின்."

"என்னது?"

"எனக்காக இப்படி ஒரு கதை கட்டணும்னு தோணுச்சே உனக்கு. யாருக்குத் தோணும்?"

"கதை இல்ல ஆர்டி. சத்தியமாச் சொல்றேன். அது என்னோட யூரின்."

"உனக்குப் பொய் சொல்ல வராது. எப்பவுமே வராது." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நான் இப்பத்தான் இதை ஏத்துக்கப் பழகிட்டு வரேன். திரும்ப ஆசை காட்டாத. எனக்குத் தாங்காது."

"அந்தக் கேனை நான் எரிச்சேன்..."

"போதும்." அவள் குரல் உயர்ந்தது. அவர்கள் வீட்டில் குரல் உயர்வது அபூர்வம். "போதும்னு சொன்னேன். பரவாயில்ல, விடு."

மறுநாள் ஆர்லின் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடமும் பெவ்விடமும் அதையே சொன்னான். டாக்டர் ஆர்டிஸின் கோப்பைத் தேடி எடுத்தார். பெவ்தான் முதலில் கேட்டாள்.

"உறைஞ்சு போச்சுன்னா உருக்கப் போனீங்க?"

"உறைஞ்சதை வாங்க மாட்டீங்களேன்னு."

"ஆர்லின், இங்கேர்ந்து நகரத்துக்கு அனுப்பும்போது நாங்களே அதை உறைய வச்சுத்தான் அனுப்பறோம். அந்தப் பாறையை அப்படியே ஒரு வாளியில வச்சுக் கொண்டாந்திருந்தா எனக்குப் போதும்."



டாக்டர் அன்றே ஆர்டிஸைப் போனில் கூப்பிட்டார். "அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படறாரு டாக்டர், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் அவள். மறுபடி கேன் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். என்றாலும் டாக்டர் புதிய கேனுக்கும் ஊசிப் பேனாவுக்கும் எழுதி ஆர்லினிடம் கொடுத்தார். கேனைக் கராஜ் ஃப்ரிட்ஜின் மேல் எல்லாரும் பார்க்க வைத்தான். பேனாவைச் சட்டையின் உள்பையில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டான். அதிகக் குளிரும் ஆகாது, அதிகச் சூடும் ஆகாது என்று அதில் எழுதியிருந்ததைப் பலமுறை படித்திருந்தான்.

அப்புறம் அவன் காத்திருந்தான். காலையில் எழுந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பான், சிவந்திருக்கிறதா என்று. சிவக்கவில்லை என்றால் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்கு அடியிலேயே ஓர் ஏமாற்றமும் எட்டிப் பார்க்கும். பெண்டாட்டி விழ வேண்டும் என்று காத்திருக்கிறவனாகிவிட்டோமே என்று சாப்பிடும்போது நினைப்பு வரும். உருளைக்கிழங்கைத் தட்டில் இங்கேயும் அங்கேயும் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான்.

ஜூன் மாதம் முதல் வெயில் நாளில் ஆர்டிஸ் படகுத்துறை மேல் உட்கார்ந்து கால்களை ஏரியில் விட்டாள். தண்ணீர் இன்னும் பனியின் தங்கைதான். ஆர்லின் துறைப் பலகை ஒன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது அவள் கழுத்து சிவந்திருந்தது.

"ஆர்டி!"

"ஒண்ணுமில்ல. பதட்டம்தான். எண்ணிக்கறேன்." நாலு எண்ணி இழுத்தாள். மூச்சு உள்ளே போகவில்லை. மறுபடி எண்ணினாள். உதடு வீங்க ஆரம்பித்திருந்தது. "ஒண்ணு... ரெண்டு..."

"எண்ணாத! இது பதட்டம் இல்ல!" அவன் உள்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

அவள் அவன் கையைத் தள்ளினாள். "வேண்டாம். வம்பு பண்ணாத. டாக்டர் சொன்னாரு... நான்தான் பண்றேன்..."

அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். சாகும்போதும் வம்பு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஊர் கற்றுக்கொடுத்திருந்தது. மூச்சு நிற்கும்போதும் எண்ணிக்கொண்டிரு என்று கற்றுக்கொடுத்தது ஆர்லினின் கேன். அவன் அவள் தொடையில் பேனாவை அழுத்தி, அழுதுகொண்டே பத்துவரை எண்ணினான்.

பிழைத்தாள். மயிரிழையில் என்றார்கள் ஆம்புலன்ஸ்காரர்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஆர்லின் மடியில் ஆரஞ்சுக் கேன் இருந்தது. நர்ஸ்கள், வார்டுக்கு வந்த ஊர்க்காரர்கள், லாரி ஷெட் மேலதிகாரி, யார் கண்ணிலிருந்தும் அவன் அதை மறைக்கவில்லை. யாராவது கேட்டால், "என் பெண்டாட்டியோட யூரின். இருபத்திநாலு மணி நேரம் பிடிக்கணும்" என்றான். ஆர்டிஸுக்கு மறுக்கத் தெம்பில்லை. அதனால் பிடித்தாள்.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு மதியம். முந்தின நாள் தபாலில் வந்த காகிதத்தை அவன் பிரிக்காமல் அவளுக்காக வைத்திருந்தான். அவள் சர்ச்சிலிருந்து வந்து மேசையில் உட்கார்ந்து பிரித்தாள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதிகம், அதிகம் என்று போட்டிருந்தது. ஒன்று ஐந்து மடங்கு, ஒன்று எட்டு மடங்கு. அடியில் டாக்டர் தன் கையால் எழுதியிருந்தார், "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. மன்னிக்கவும்."

"நான் பண்ணலை" என்றாள் ஆர்டிஸ். குழந்தை மாதிரிச் சிரித்தாள். "ஆர்லின், நான் பண்ணலை! அது நிஜமாவே..."

பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. எழுந்து போய்க் கைப்பையிலிருந்து ஜனவரிக் காகிதத்தை எடுத்து வந்தாள். ஐந்து மாதமாக அதைக் கூடவே வைத்திருந்திருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்போ இது யாரோடது?"

அவன் சொன்னான். ஏப்ரலில் சொன்ன அதே வார்த்தைகள்.

"உன்னை நல்லவன்னு சொன்னேன் அன்னிக்கு" என்றாள். "உன் கையைப் பிடிச்சு."

"ஆமா."

"ஜோலீன்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். நீ பக்கத்துல நின்னே. அந்தப் படகுத்துறையில நான் செத்திருந்தா, நான்தான் பண்ணிக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டே செத்திருப்பேன்."

 பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என்று ஆர்லின் காத்திருந்தான். வாழ்க்கை முழுக்க அவள் சொன்ன வார்த்தை அது. அவள் சொல்லவில்லை.

எழுதுகிற பேனாவை எடுத்தாள். ஜனவரிக் காகிதத்தின் தலைப்பில் அச்சாகியிருந்த தன் பெயரை நிதானமாக அடித்தாள். அதற்கு மேலே, பெரிய எழுத்தில், ஆர்லின் ட்வைட் என்று எழுதினாள். இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். திரும்பி வந்து உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊருக்குக் கொண்டுபோகிற துணிப்பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

மணி இரண்டே கால். பேஸ்பால் பார்க்க இரண்டரைக்கு டுவைன் வருவான். ஆர்லின் கராஜில் நின்று அந்த இரண்டு காகிதங்களைப் பார்த்தான். எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். கை ஒருமுறை காந்தம்வரை போனது.

வெளியே கார் வந்து நின்றது. கதவு திறந்தது.

"என்னண்ணே, வாசல்லயே காவலா?" டுவைன் ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்தவன் அப்படியே நின்றான். குனிந்து படித்தான். "இது என்னது? உன் பேரு போட்டிருக்கு. அண்ணி எழுத்து மாதிரி இருக்கே?"

"அவ எழுத்துதான்" என்றான் ஆர்லின். "பீரை அப்புறம் எடுத்துக்கலாம். உட்காரு, சொல்றேன்."